6.5-06 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா உறையை வாங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். மான் வேட்டைக்காக 6.5-06 வைல்ட்கேட் (வேறொரு தோட்டாவின் உறையை உருமாற்றிச் செய்துகொள்ளும் தோட்டா வகை) அறையுடன், அதாவது அந்தத் தோட்டா அமரும் குழியுடன், ஒரு ரைஃபிள் செய்யச் சொல்லியிருக்கிறேன். .30-06, .25-06, .270 ஆகியவற்றில் எந்தத் தோட்டாவின் பித்தளை உறையை வாங்கி உருமாற்றுவது? விலை கூடிய உறை தேவையா?

பதில்: அறையைக் குடையும் ரீமர் முடிவாகிவிட்டதா? இல்லையென்றால் நல்லது, முதலில் உறையை வாங்குங்கள். பலர் ரைஃபிள் கைக்கு வந்த பிறகுதான் உறையைத் தேடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்றுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான், வேறுபாடு குண்டைப் பிடிக்கும் கழுத்தில். .30-06-இன் கழுத்தை .308 அங்குலக் குண்டின் அளவிலிருந்து 6.5-06 குண்டின் .264-க்குச் சுருக்கினால் பித்தளை எங்கே போகும்? கொஞ்சம் நீளமாகும், மீதி கழுத்துச் சுவரைத் தடிப்பாக்கும். சுவர் .015 அங்குலம் என்றால், குண்டு பொருத்திய கழுத்தின் விட்டம் .294. சுவர் .017 ஆகிவிட்டால் அது .298. அறையின் கழுத்து .297-க்குக் குடையப்பட்டிருந்தால் தோட்டா உள்ளே போகாது. வலிந்து அடைத்துச் சுட்டால் கழுத்து விரிந்து குண்டை விட இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். கழுத்தைச் சுற்றிச் சீவினால் சரியாகும். ஆனால் வேட்டை ரைஃபிளுக்கு எதற்கு அந்த வேலை?

அதனால் என் தேர்வு .25-06. கழுத்தை .257-லிருந்து .264-க்கு விரித்தால் போதும், உறையின் நீளமும் பொருந்தும். .270 உறை 2.540 அங்குலம்; 2.494-க்கு வெட்ட வேண்டும்.

தரத்துக்கு வருவோம். எல்லா நிறுவனங்களின் உறையும் ஏறத்தாழ 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம்தான். கழுத்துச் சுவர் சுற்றிலும் ஒரே தடிப்பில் இருக்கிறதா, அடிப்பாகம் போதுமான கடினத்தோடு இருக்கிறதா என்பதுதான் காசுக்கான வித்தியாசம். அடிப்பாகம் மென்மையாக இருந்தால் சில முறை சுட்டதுமே பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அமரும் குழி தளர்ந்துவிடும், அப்புறம் உறை குப்பைக்குத்தான். லாபுவா, நார்மா நிறுவனங்களின் உறைகளின் கழுத்தில் தெரியும் நீலச் சாயல் பதமூட்டியதன், அதாவது சூடாக்கிக் கழுத்தை மென்மையாக்கியதன், தடம். மற்ற பலரும் பதமூட்டிவிட்டு அதை மெருகேற்றி அழித்துவிடுகிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மைக்ரோமீட்டரால் அளந்து வாங்குங்கள். எடை பார்த்துப் பிரிப்பதெல்லாம் வேட்டைக்கு வீண் வேலை.

ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், நூறு உறை போதும். அவற்றில் ஒன்றை உருமாற்றி, குண்டு மட்டும் பொருத்தி, வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாவாகத் துப்பாக்கித் தச்சரிடம் கொடுங்கள். அதை அளந்து, அவர் ரீமரின் கழுத்தைத் தீர்மானிக்கட்டும். பிறகு வேறு நிறுவனத்தின் உறைக்கு மாறினால் கழுத்தை மறுபடி அளக்க வேண்டும். உள்கொள்ளளவும் மாறும் என்பதால் மருந்தளவைக் குறைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

உருமாற்றிய உறையின் அடியில் .25-06 என்ற முத்திரை அப்படியே இருக்கும். பெட்டியில் 6.5-06 என்று பெரிதாக எழுதித் தனியாக வையுங்கள். வீட்டில் .25-06 ரைஃபிளும் இருந்தால் தோட்டா மாறிப்போகலாம்; .25-06 உறை யோசனையையே விட்டுவிட்டு .270 உறையை வெட்டி உருமாற்றிக்கொள்ளுங்கள்.