பெரியம்மாவுக்குப் புரியும்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் பாம்பன் பக்கம். வேலை சென்னையில். 2020 மார்ச்சில் ஊருக்கு வந்தவள் ஊரடங்கில் மாட்டிக்கொண்டு ஜூலை வரை அங்கேயே இருந்தேன். கடல் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. அடியில் கிடக்கும் சிப்பி வரை தெரிந்தது. இயற்கை அப்போதுதான் மூச்சுவிட்டது என்று தோன்றியது. எனக்குச் சுற்றுச்சூழல் பற்றிய எண்ணமே அந்த நாட்களில்தான் வந்தது. குப்பையைப் பிரித்தேன், பிளாஸ்டிக் பை வாங்குவதை நிறுத்தினேன், சென்னைக்கு வந்ததும் மாடியில் உரத்தொட்டி வைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக விட்டுப்போய்விட்டது. இப்போது பாதி நாள் பார்சல் சாப்பாடுதான். குற்ற உணர்வாக இருக்கிறது. ஊரில் நிலைமை இன்னும் மோசம், யாருக்கும் விழிப்புணர்வு இல்லை. என் பெரியம்மா இன்றும் பாசிக்குப் போகிறார். அவருக்கெல்லாம் இது புரியாது, சொன்னால் சிரிப்பார். பெருந்தொற்றுக் காலத்தில் வந்த விழிப்பை அன்றாட வாழ்க்கையில் எப்படித் தக்கவைத்துக்கொள்வது? படிக்க நல்ல புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ந., சென்னை

அன்புள்ள ந.,

ஊரடங்கு நாட்களைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வானம் நீலமாக இருந்தது, மயில் தெருவுக்கு வந்தது, கடல் தெளிந்தது. கொஞ்ச நாளாகவே அது என்னை உறுத்திக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் தனியாக எழுதாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

பார்சல் சாப்பாட்டுக்காகக் குற்ற உணர்வு வேண்டாம். வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் பெண் சமைக்கவில்லை என்பதால் கடல் கெட்டுப்போவதில்லை. பாத்திரம் கொண்டுபோய் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அதோடு அதை விடுங்கள்.

ஆனால் ‘இயற்கை மூச்சுவிட்டது’ என்பதை அப்படி விட முடியாது. நீங்கள் தெளிந்த கடலைப் பார்த்தது பங்குனி, சித்திரையில். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான கச்சான் முழுசாக எழுவதற்கு முன்னால் உள்ள நாட்கள். அந்த நாட்களில் நம் கடல் தெளிவது வழக்கம்தான். முந்தைய ஆண்டுகளிலும் தெளிந்தது, நீங்கள் அப்போது சென்னையில் இருந்தீர்கள். ஜூலை வரை இருந்தேன் என்கிறீர்கள், கச்சான் அதே தண்ணீரைக் கலக்கியதையும் பார்த்திருப்பீர்கள். அதை ஏன் எழுதவில்லை?

வெனிஸ் கால்வாயில் டால்பின் வந்துவிட்டது என்று அந்த மார்ச்சில் உலகமே பகிர்ந்த காணொளி நினைவிருக்கிறதா? அது வெனிஸே இல்லை, சார்டினியா தீவில் எடுத்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கரியமில வாயு வெளியேற்றம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 17 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் அடுத்த மாதமே, ஹவாயின் மௌனா லோவா ஆய்வு நிலையத்தில், காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 417 பங்கு என்று பதிவானது. அதுவரை அங்கே அளந்ததிலேயே அதிகம். உலகம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் ஏறியது, ஏனென்றால் இத்தனை காலம் சேர்ந்தது அப்படியே இருக்க, குறைந்துபோன வெளியேற்றமும் அதன் மேல்தான் போய்ச் சேர்ந்தது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாத் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன, 2016இல் நிறையச் செத்தன. நாம் சில மாதம் வீட்டில் இருந்ததால் அவை திரும்பி வந்துவிடாது.

அந்த மாதங்களில் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? ஐஸ் இல்லை, லாரி இல்லை, ஏற்றுமதி இல்லை. நண்டும் கணவாயும் கேட்பாரில்லாமல் போயின. கூடை மீன் விற்கும் பெண்களுக்கு ஏறிப்போக பஸ் இல்லை. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஏற்கெனவே நின்று கிடந்தன என்பதால் அந்த ஆண்டு மட்டும் அதை மே 31 வரை, 47 நாளாகக் குறைத்தார்கள். பசித்த வயிற்றுக்கு அது நியாயம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தடைக்காலம் வைத்ததே மீன் முட்டையிடும் பருவத்துக்காக. நாம் கடல் மூச்சுவிட்டது என்று கொண்டாடிய அதே ஆண்டில் ஜூன் மாதத்து இரண்டு வாரத்தை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து, மஞ்சப்பை மெல்லப் பழக்கமாகத் தொடங்கிய நேரத்தில் தொற்று வந்தது. கடைக்காரர் நம் பையைத் தொடப் பயந்தார். நாம் முகத்தில் மாட்டிக்கொண்ட நீலக் கவசம் பாலிபுரோப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான். கிழிந்த வலைத்துண்டுகளோடு அது கரையில் ஒதுங்கிக் கிடந்ததை நான் பார்த்தேன்.

சரி, நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ‘என் பெரியம்மா பாசிக்குப் போகிறார். அவருக்கெல்லாம் இது புரியாது.’ இதை எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா?

பாசிக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியலில் வள்ளம் ஏறித் தீவு ஓரம் போய், விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து மேலே வரவேண்டும். மறுபடி முங்கவேண்டும். இப்படி மணிக்கணக்காக. அந்தப் பாசியிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அகார். நோன்புக் காலத்தில் எங்கள் கீழக்கரை வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைக்கும் கடல்பாசியும் அதுதான். 2020 ரமலான் முழுக்க ஊரடங்குக்குள் போயிற்று. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை, அரிசியை வீடுகளுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இருந்ததை வைத்து அப்போதும் உம்மா கடல்பாசி காய்ச்சினார். அதைப் பறித்த பெண்கள் அந்த மாதத்தை எப்படிக் கடந்தார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. தலைமுறையாக அந்தத் தீவுகளின் ஓரத்தில் பாசி எடுத்தவர்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். கோபம் வந்திருக்கும், வராமல் எப்படி? இருந்தும் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சின்னப்பாலத்துப் பெண்கள் கூடிப் பேசி என்ன முடிவெடுத்தார்கள் தெரியுமா? மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது. இரும்பை வைத்துப் பாறையைச் சுரண்டுவதில்லை, கையால்தான் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டித் தாங்களும் ஒதுங்கிக்கொள்வது. நாள் குறைந்தால் காசும் குறையும் என்று தெரிந்துதான் செய்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. விருது வாங்கிய பிறகும் பாசிக்குப் போனார்.

அதே கடலில் படித்தவர்கள் செய்ததையும் பாருங்கள். கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்ப்புக்கென்று கொண்டுவந்தார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கும் கராஜீனன் எடுப்பதற்கு. அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

கீழக்கரையில் உம்மா வழியில் வந்த எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் கடல் கல். பவளம்தான். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கண்கள் தட்டுப்படும். ஊரடங்கில் வேறு வேலை இல்லாமல் அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கரையில் எத்தனை வீட்டுச் சுவர், எத்தனை சூளைச் சுண்ணாம்பு, எல்லாம் தீவுகளைச் சுற்றியிருந்த பாறையை உடைத்து எடுத்தது. சட்டம் பவளத்தைத் தொடக்கூடாது என்று சொன்னது 2001இல். அலையைத் தடுக்கும் பாறை போய், 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. கல்லை எடுத்து வந்த கூலிக்காரர் ஓலைக் குடிசையில்தான் இருந்தார். கல்வீட்டில் இருந்தவர்கள் படித்தவர்கள், கப்பல் வணிகம் தெரிந்தவர்கள், நாலு நாடு போய்வந்தவர்கள். பாசிக்காரிக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லும்போது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

ஊரில் நிலைமை மோசம் என்கிறீர்கள். 2017இல் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு அங்கே காரில் வந்து இறங்கித் தண்ணீர் பாட்டிலை மணலில் விட்டுப்போகிறவர்கள் யார்? உங்கள் பெரியம்மாவா?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த வரி மேல்தான். நான்கு மாதம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்து, அதனால் மனசு மாறி, இத்தனை ஆண்டு கழித்தும் அதை நினைத்து வருந்துகிற ஒரு பெண் எனக்கு மகளைப் போலத்தான். அதனால்தான் இத்தனை உரிமையோடு திட்டுகிறேன்.

ஊரடங்கில் நாம் நின்றது பயந்து. கிருமிக்குப் பயம், போலீஸ் லத்திக்குப் பயம். பயம் போனதும் பழையபடி ஆனோம், ஊர் உலகமே ஆனது. உங்கள் உரத்தொட்டி நின்றுபோனதை உங்கள் சோம்பல் என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மாடியில், தனியாக, யாரிடமும் பேசாமல் எடுத்த முடிவு அது. நீங்கள் விட்டுவிட்டால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. பெரியம்மாக்களின் 12 நாள் நிற்பது, 13ஆம் நாள் ஒருத்தி தனியாக வள்ளம் ஏறினால் மற்றவர்கள் கரையில் நின்று கேட்பார்கள் என்பதால். அந்தக் கணக்கைச் சேர்ந்து போட்டவர்கள் அவர்கள். கடல் இருந்தால்தான் அடுத்த மாதம் அடுப்பு எரியும் என்பது அவர்களுக்குப் படிப்பினை இல்லை, பிழைப்பு. நீங்கள் கேட்ட ‘தக்கவைத்துக்கொள்வது எப்படி’ என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

நீங்கள் சொன்னால் அவர் சிரிப்பார் என்கிறீர்களே, எதற்குச் சிரிப்பார் என்று யோசித்தீர்களா?

புத்தகப் பட்டியல் இப்போது தரமாட்டேன். அடுத்த விடுப்பில் ஊருக்குப் போகும்போது ஒரு நாள் முழுக்கப் பெரியம்மாவோடு இருங்கள். எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்தக் காற்றில் எங்கே போகக்கூடாது, கஞ்சிப்பாசி எங்கே குறைந்தது, எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் இங்கே வெளியிடுகிறேன். அதுவரை சென்னையில் சும்மா இருக்கவேண்டாம். உங்கள் குடியிருப்பில் எத்தனை வீடு என்று எழுதவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக் கதவையாவது தட்டி, உரத்தொட்டியை யார் எந்த நாளில் பார்த்துக்கொள்வது என்று பேசுங்கள்.

அன்புடன்.