சாகாவுக்கு 3,400 ரிங்கிட் செலவழிக்கலாமா, புதிய காருக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். மோட்டார் சைக்கிளில் போய்வருவார். நான் கோலகங்சாரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். மாதம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். எங்களுடையது 2009ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகா, 1.3 மேனுவல், காற்றுப்பை கிடையாது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன மாதம் மாமியாரை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பும்போது வெப்பமுள் சிவப்புக்கு ஏறியது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, ஒருவழியாக வீட்டுக்கு ஓட்டிவந்தேன். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டது என்கிறார் பட்டறைக்காரர். ரேடியேட்டர், டைமிங் பெல்ட், நான்கு அப்சார்பர் எல்லாம் சேர்த்து 3,400 ரிங்கிட் ஆகுமாம். போன வருடம்தான் கிளட்சுக்கும் ஏர்கானுக்கும் 1,600 ரிங்கிட் கொடுத்தோம். பழைய கார் வியாபாரி இப்போதுள்ள நிலையில் 2,500 தருவதாகவும், ஓடும் நிலையில் இருந்தால் 5,000 வரை தரலாம் என்றும் சொல்கிறார். "பாதி விலைக்கு மேல் ரிப்பேர் வந்தால் தள்ளிவிட வேண்டும் அண்ணி, ஒன்பது வருட லோனில் புதியது எடுங்கள், முன்பணத்துக்கு ஈபிஎஃப் சேமநிதியின் மூன்றாவது கணக்கு இருக்கிறதே" என்கிறார் என் கொழுந்தனார். என்ன செய்வது?

– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் பழுதுபார்ப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். அவற்றில் ஒன்று தவறினாலும் என் பதில் மாறிவிடும் என்பதால், அவற்றைக் கீழே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கொழுந்தனார் சொல்லும் பாதி விலைக் கணக்கு காரை விற்பவருக்குப் பொருந்தும், ஓட்டுபவருக்குப் பொருந்தாது. 3,400 ரிங்கிட் செலவழித்து 2,500 ரிங்கிட் காரை 5,000 ரிங்கிட் காராக்கி மறுநாளே விற்றால் 900 ரிங்கிட் நட்டம்தான். ஆனால் நீங்கள் விற்கப் போவதில்லையே. வியாபாரி தரும் 2,500 ரிங்கிட்டோடு பழுதுக்கான 3,400 ரிங்கிட்டையும் சேர்த்தால் கையில் 5,900 இருக்கும், அந்தப் பணத்துக்குச் சந்தையில் கிடைக்கப் போவதும் ஏறக்குறைய இதே வயதுள்ள இன்னொரு கார்தான். அதன் முந்தைய உரிமையாளர் அதை எப்படி வைத்திருந்தார், அதுவும் எத்தனை முறை கொதித்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. உரிமை மாற்றத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. உங்கள் சாகாவின் குறைகளோ உங்களுக்கு மனப்பாடம்.

போன வருடச் செலவை நினைத்து வருந்துவதில் பயனில்லை. காரை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அந்த 1,600 ரிங்கிட் திரும்பி வராது. ஆனால் கிளட்சும் ஏர்கானும் அண்மையில்தான் புதிதாகியிருக்கின்றன என்பது இந்த முடிவுக்குத் தேவையான செய்தி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வரக்கூடிய பெரிய செலவுகளில் இரண்டை நீங்கள் முன்பே கொடுத்து முடித்துவிட்டீர்கள்.

புதிய காருக்கு வருவோம். 2023இல் அறிமுகமானபோது பெரோடுவா அக்ஸியா ஜி ரகத்தின் விலை 38,600 ரிங்கிட். அந்த அளவில் ஒரு காருக்கு ஏறத்தாழ 35,000 ரிங்கிட் கடன் எடுத்து, ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒன்பது ஆண்டுகளில் வட்டி மட்டும் 11,025 ரிங்கிட். மாதத் தவணை 426 ரிங்கிட். வங்கி சொல்லும் விழுக்காடு சிறியதாகத் தெரியலாம், ஆனால் கார் கடனில் வழக்கமாகச் சொல்லப்பட்டு வந்த இந்த வட்டி, கடன் குறையக் குறையத் தானும் குறையாமல் முதல் நாள் தொகையின் மீதே கடைசிவரை கணக்கிடப்பட்டு வந்தது. ஆகவே எந்த வங்கிக்குப் போனாலும் விழுக்காட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல், எல்லாத் தவணைகளையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உங்கள் பட்டறைக்காரர் கேட்பது இத்தகைய தவணையில் எட்டு மாதப் பணம். பழைய காருக்கு வேறு சில்லறைச் செலவுகளும் வரும் என்று ஆண்டுக்கு இன்னும் 1,800 ரிங்கிட்டை ஒதுக்கினாலும் முதல் ஆண்டின் மொத்தம் 5,200 ரிங்கிட். புதிய காருக்கு முதல் ஆண்டுத் தவணை மட்டுமே 5,112 ரிங்கிட். முன்பணமும், கார் மதிப்பு உயர்வதால் கூடும் காப்புறுதிக் கட்டணமும் தனி. இரண்டாம் ஆண்டிலிருந்து வித்தியாசம் பெரிதாகும், ஏனென்றால் ஹெட் கேஸ்கெட் வருடாவருடம் போவதில்லை. தவணையோ தவறாமல் மாதாமாதம் வரும். கடன் முடிந்த பிறகு புதிய காருக்கு ஒரு விலை எஞ்சியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்பது வயதான காரின் விலை எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதை வியாபாரியிடம் பேசியபோதே நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

எரிபொருளில் மிச்சமாகும் என்பார்கள். உங்கள் சாகா லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் புதிய சிறிய கார் 18 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொண்டு, மானிய விலையில் பெட்ரோல் தரும் புடி95 திட்டம் 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கியபோது இருந்த 1.99 ரிங்கிட் விலையில் கணக்கிட்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சமாவது நாற்பது ரிங்கிட்டைச் சற்றுத் தாண்டும். சாலை வரியில் 1.3 எஞ்சினுக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட், ஒரு லிட்டர் எஞ்சினுக்கு 20 ரிங்கிட். இந்த இரண்டையும் சேர்த்தாலும் 426 ரிங்கிட் தவணையில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்ட முடியும்.

ஈபிஎஃப் பற்றி ஒரு சொல். 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கு அவசரத் தேவைக்கு உதவுவதற்காக வந்தது. வேலைக்குப் போகும் காரை ஓட வைக்க அதிலிருந்து கொஞ்சம் எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது ஆண்டுக் கடனுக்குள் நுழைய அதை முன்பணமாக்கினால், நாளை அந்தத் தவணையைக் கட்ட முடியாத ஒரு மாதம் வரும்போது கைகொடுக்க அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது. ஆலையில் மிகைநேர வேலை குறைந்தால் வீட்டு வருமானம் எப்படிச் சுருங்கும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இத்தனை கணக்குக்கும் அடங்காத ஒன்று உண்டு. உங்கள் காரில் காற்றுப்பை இல்லை. மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு, சுமை லாரிகளோடு ஒரே சாலையில் ஈப்போவுக்குப் போய்வருகிறீர்கள். புதிய கார் வேண்டும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் உள்ள வலுவான காரணம் இதுதான்; ஆனால் உங்கள் கொழுந்தனார் இதைச் சொல்லவில்லை. பழுதுபார்ப்பதால் இந்தக் குறை தீரப் போவதில்லை. அதனால்தான் சாகாவை இன்னும் பத்தாண்டு வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் சுமையைக் குறைத்துக்கொண்டு மாறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் வாங்கித் தரும் பழுதாக இதைப் பாருங்கள் என்கிறேன்.

இனி அந்தச் சோதனைகள்.

முதலாவது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பட்டறைக்காரர் எப்படி முடிவு செய்தார் என்று கேளுங்கள். கார் கொதிப்பதற்கு வெடித்த ரேடியேட்டரோ, திறக்காமல் இறுகிப்போன தெர்மோஸ்டாட்டோ, சுழலாத விசிறியோகூடக் காரணமாகலாம். இவை சில நூறு ரிங்கிட்டில் முடியும் வேலைகள். கேஸ்கெட்தான் போயிருக்கிறது என்றால் அதற்குத் தடயங்கள் இருக்கும்: எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்தது போன்ற கசடு, வெளியே எங்கும் ஒழுகாமலே குறையும் தண்ணீர், புகைக்குழாயில் விடாமல் வரும் வெண்புகை, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் எழும் குமிழிகள். இவற்றுள் எதையும் உங்களுக்குக் காட்ட முடியாதவரிடம் எஞ்சினைத் திறக்கக் கொடுக்காதீர்கள். ஈப்போவில் இன்னொரு பட்டறையில் கம்ப்ரஷன் சோதனையும், குளிர்விப்பு அமைப்பில் அழுத்தச் சோதனையும் செய்து பார்ப்பதற்கு ஆகும் செலவு வீண்செலவாகாது. காரை அங்கே ஓட்டிப் போகாமல் இழுவை வண்டியில் அனுப்புங்கள். முள் சிவப்புக்கு ஏறிய பிறகும் வீடுவரை ஓட்டி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்திருக்கக்கூடும். இலேசான வளைவை எஞ்சினியரிங் கடையில் இழைத்துச் சமன்படுத்திவிடலாம். விரிசல் விட்டிருந்தால் வேறு ஹெட் தேட வேண்டும், அப்போது 3,400 என்பது 3,400ஆக நிற்காது. ஆகவே ஹெட்டைக் கழற்றியதும் வேலையை நிறுத்தி, கடையில் சோதித்து, முடிவைச் சொன்ன பிறகே மேலே தொடர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இரண்டாவது துரு. எஞ்சினைப் பிரித்து மாட்டலாம், கியரை மாற்றலாம். காரின் எலும்புக்கூடு அரித்துப்போனால் அதற்கு மருந்து இல்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்காலம் முழுதும் ஓடும் காரில் சேறு அடிப்பாகத்தின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காரை மேலே தூக்கச் சொல்லி, கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் திருப்புளியால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்க அப்சார்பர் மேலே பொருந்தும் இடத்தையும், கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரையையும் பாருங்கள். மேற்பூச்சில் தெரியும் துருவைப் பொருட்படுத்த வேண்டாம். திருப்புளி உள்ளே இறங்கினால், அல்லது பழைய வெல்டிங் ஒட்டுகள் தென்பட்டால், அந்தக் காருக்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்காமல் வியாபாரியின் 2,500 ரிங்கிட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் தேறினால், பட்டறைக்காரரின் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். கேஸ்கெட்டோடு டைமிங் பெல்ட்டையும் சேர்த்திருப்பது பணம் பறிக்கும் தந்திரமில்லை; ஹெட்டைக் கழற்றும்போது பெல்ட்டையும் எப்படியும் கழற்றத்தான் வேண்டும், கூலி ஒன்றுதான். வாட்டர் பம்பு, டென்ஷனர், தெர்மோஸ்டாட் மூன்றையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து, இதே ஹெட்டை மறுபடியும் கழற்ற நேரிடும். ரேடியேட்டரில் இனிக் குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் இருக்கட்டும். அப்சார்பர்களை மட்டும் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். எண்ணெய் ஒழுகி, டயர் ஒருபக்கமாகத் தேயத் தொடங்கியிருந்தால் முன் இரண்டையாவது இப்போதே மாற்ற வேண்டும். இல்லையென்றால் சில மாதம் பொறுக்கலாம். எந்தப் பாகம் ஒரிஜினல், எது வேறு தயாரிப்பு, எது கழற்றி விற்ற பழையது என்று விலைப்பட்டியலில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

பழுதுபார்த்த மாதத்திலிருந்து, தவணை கட்டுவதாக நினைத்து 300 ரிங்கிட்டைத் தனியே போட்டு வாருங்கள். முடிகிறதா என்பது இரண்டு மூன்று மாதங்களில் தெரிந்துவிடும். முடிந்தால் இரண்டு ஆண்டில் 7,200 ரிங்கிட் சேரும், அது நல்ல முன்பணம். முடியாவிட்டால் 426 ரிங்கிட் தவணையும் முடிந்திருக்காது என்று அறிந்துகொள்வீர்கள். மாறும் நேரம் வரும்போது மலிவான ரகங்களை ஒதுக்கிவிடாதீர்கள். 2023இல் வந்தபோது அக்ஸியா இ ரகத்தின் விலை 22,000 ரிங்கிட். மேனுவல் கியர் மட்டுமே என்பதால் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை, நீங்களோ மேனுவல் ஓட்டிப் பழகியவர். அதே 3.5 விழுக்காட்டில் 19,800 ரிங்கிட் கடனை ஏழு ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் 293 ரிங்கிட்தான் வருகிறது.

இன்றோ பின்னரோ சாகாவை விற்கும்போது, காப்புறுதியில் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் என்சிடி கழிவை மறந்துவிடாதீர்கள். அது காரோடு போவதில்லை, காப்புறுதி யார் பெயரில் உள்ளதோ அவருக்கே உரியது. ஐந்து ஆண்டு இழப்பீடு கேட்காமல் இருந்தவருக்கு 55 விழுக்காடு வரை கிடைக்கும் அந்தக் கழிவைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். சாகா உங்கள் கணவர் பெயரில் இருந்து, புதிய காரை உங்கள் பெயரில் எடுத்தால் அது கைக்கு வராது. ஆகவே கடன் விண்ணப்பத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை அதையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.