வாசகர் கேள்விகள்: பிடிக்காத படத்தை வெட்டித் தைப்பது

ஃபேன் எடிட் என்றால் என்ன? மீம் வீடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
(திருச்சி வாசகர்)

மீம் வீடியோவில் படம் வெறும் மூலப்பொருள்தான். ஃபேன் எடிட்டில் படம் படமாகவே இருக்கும். வெளிவந்த படத்தை ஒரு ரசிகர் எடுத்து, காட்சிகளைக் குறைத்தோ வரிசை மாற்றியோ, தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்கக்கூடிய இன்னொரு வடிவமாக்குவார். புதிதாக ஒரு ஷாட்கூட எடுப்பதில்லை.

இதை உலகறியச் செய்தது 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபேன்டம் மெனஸ்'. வசூலில் குறையில்லை, நொந்தது ரசிகர்கள்தான். அடுத்த ஆண்டே மைக் ஜே. நிக்கோல்ஸ் என்ற எடிட்டர் அதைச் சுமார் 118 நிமிடமாகச் சுருக்கினார். 'தி ஃபேன்டம் எடிட்' என்ற பெயரில் அது விஎச்எஸ் நாடாவில் கைமாறியது. பயிற்சிக்கு இன்றும் 'தி ஃபேன்டம் மெனஸை'விட நல்ல படம் இல்லை என்பதால், இந்த வாரம் உதாரணங்கள் எல்லாம் அதிலிருந்தே.

எதை வெட்டுவது என்று எப்படி முடிவு செய்வது? எரிச்சலூட்டும் பாத்திரத்தை முழுசாகத் தூக்கிவிடலாமா?
(கோவை வாசகர்)

எல்லோரும் முதலில் கேட்பது அந்தப் படத்தின் கோமாளிப் பாத்திரம் ஜார் ஜார் பிங்க்ஸை. தூக்க முடியாது. அவர் போனால் நீருக்கடி நகரத்துக்கு யார் வழிகாட்டுவது? அவருடைய கங்கன் இனத்தின் படை எப்படிக் கூட்டணிக்கு வரும்? அந்தப் படை இல்லையென்றால் உச்சக்கட்டத்தில் நான்கு இடங்களில் நடக்கும் மோதலில் ஒன்று அப்படியே காணாமல் போகும். பாத்திரத்தை விட்டுவிட்டு, அவர் கால் இடறும் 3 வினாடி, வாய் பிளக்கும் 2 வினாடி என்று கோமாளித்தனத்தை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மணிரத்தினம் மாதிரி யோசிக்க வேண்டாம், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி யோசியுங்கள்.

கணினியைத் தொடுவதற்கு முன் படத்தை ஒரு முறை ஓடவிட்டு, காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், இந்தக் காட்சியில் பார்வையாளருக்கு முதன்முதலாகத் தெரியவருவது என்ன, பின்னால் எந்தக் காட்சி இதை நம்பியிருக்கிறது. அந்தக் கடைசி விவரம்தான் உயிர். உடலில் இருந்துகொண்டு 'ஃபோர்ஸ்' என்ற மாய சக்திக்கு வழிவிடும் நுண்ணுயிர்களான மிடிக்ளோரியன் சமாச்சாரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக் காட்சியோடு விஷயம் முடியாது. ஜெடாய் வீரர்களின் சபையில் அதே பேச்சு வரும், பிறகு சிறுவன் அனகின் "அப்படியென்றால் என்ன?" என்று கேட்பான். ஒன்றை வெட்டி மற்றதை விட்டால், விடை தெரியாத புதிரை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

அதேபோல, அனகின் தற்செயலாகக் கட்டுப்பாட்டுக் கப்பலைத் தகர்ப்பது அசட்டுத்தனம்தான். ஆனால் தரையில் இயந்திரப் படை திடீரென்று உறைந்து நிற்பதற்கு அது ஒன்றே காரணம். அந்தக் காட்சியைச் சுருக்கலாம், நீக்கக் கூடாது.

ப்ளூரேயிலிருந்து எடுத்து எடிட் செய்தேன். தனியாகப் பிரித்த ஒலி, போகப் போக உதட்டோடு பொருந்தவில்லை. ஏன்?
(சென்னை வாசகர்)

உங்கள் டைம்லைன் (க்ளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) வினாடிக்கு 24 ஃப்ரேமில் இருக்கிறது. ப்ளூரே 24 அல்ல, 23.976. படம் 24-ல் ஓடி, ஒலி தன் நிஜ வேகத்தில் ஓடினால் 1,000 வினாடிக்கு 1 வினாடி விலகும். 136 நிமிடப் படத்தின் முடிவில் 8 வினாடி. ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் ஏமாறுகிறோம். புது ப்ராஜெக்டைத் திறந்ததும், எந்த க்ளிப்பையும் உள்ளே இழுக்கும் முன்பே 23.976 என்று வையுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் பிறகு மாற்ற விடாது.

இன்னொன்று: ப்ளூரேயின் எச்.264 முறையில் சுருக்கிய கோப்பை அப்படியே வெட்டாதீர்கள். அதில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது, பல ஃப்ரேம்கள் பக்கத்து ஃப்ரேம்களோடு உள்ள வித்தியாசத்தை மட்டுமே வைத்திருக்கும். டைம்லைன் திணறும். எடிட்டிங்குக்கு ஏற்ற ப்ரோரெஸ் 422 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதே படத்துக்கு 1080-ல் ஏறக்குறைய 120 ஜிபி ஆகும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடியிலும் ப்ளூரேயிலும் இருந்து ஷாட்களைக் கலக்கவும் வேண்டாம். நிறமும் ஃப்ரேமின் ஓரமும் ஒத்துவராது. இந்தப் படத்தில் இன்னொரு வம்பு, 2011 ப்ளூரேயில் குள்ள ஜெடாய் குரு யோடாவின் பொம்மையை எடுத்துவிட்டு கணினி உருவத்தை வைத்துவிட்டார்கள்.

வெட்டிய இடத்தில் பின்னணி இசை பட்டென்று அறுகிறது. வசனத்தை மட்டும் நீக்கிவிட்டு இசையைக் காப்பாற்ற முடியுமா?
(ஈரோடு வாசகர்)

கேட்டீர்களே, இதுதான் கேள்வி. படத்தை வெட்ட ஒரு வாரம் போதும், ஒலியைத் தைக்க இரண்டு மாதம் ஆகும்.

முதலில் ஆறு சானல் கொண்ட 5.1 ஒலியை ஆறு தனித்தனி வேவ் ஒலிக்கோப்புகளாகப் பிரியுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இலவசமாகவே செய்யும். வேவ் வரிசை: இடது, வலது, நடு, சப்வூஃபர், பின்இடது, பின்வலது. சில மென்பொருள்கள் இடது, நடு, வலது என்று எண்ணும். கவனிக்காவிட்டால் வசனம் முழுக்க வலது ஸ்பீக்கரில் பேசும். வசனம் பெரும்பாலும் நடுச் சானலில் இருக்கும், இசை மற்றவற்றில் பரவியிருக்கும். வேண்டாத வரியை நடுச் சானலில் மட்டும் அணைத்தால் இசை தொடரும்.

அணைத்த இடத்தில் ஒரு வெற்றிடம் விழும், அறையே செத்துப்போன மாதிரி. காலடி, துணி உரசல், அறையின் மெல்லிய இரைச்சல் எல்லாம் அதே சானலில்தான் இருந்தன. அதே காட்சியில் யாரும் பேசாத 1 அல்லது 2 வினாடியை எடுத்து அந்த ஓட்டையில் நிரப்புங்கள். பின்சானல்களில் வசனத்தின் எதிரொலி கசிந்திருக்கிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள்.

காட்சியையே எடுக்கும்போது இசையைத் தாளத்தில் வெட்ட வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃப்ரேம், நாலு தட்டு ஆவர்த்தனத்துக்கு 48. வெட்டும் நீளம் அதன் மடங்காக இருந்தால் காது மன்னிக்கும். தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கை கூடுதல். சுருதி மாறியிருந்தால் தாளம் மட்டும் உதவாது. கதவு சாத்தும் ஓசை, கப்பல் பறக்கும் இரைச்சல் போன்ற ஏதாவது ஒரு பெரிய சத்தத்தின் அடியில் வெட்டை ஒளித்துவையுங்கள். படத்தையும் ஒலியையும் ஒரே ஃப்ரேமில் வெட்டாமல், ஒலியை 6 முதல் 12 ஃப்ரேம் முன்போ பின்போ தள்ளுங்கள்.

ஒரு ஒலியை மங்கவைத்தபடியே அடுத்ததை எழுப்பி இணைப்பதிலும் (கிராஸ்ஃபேட்) இரண்டு வகை உண்டு. வெவ்வேறு ஒலிகளுக்கு ஈக்வல் பவர், ஒரே மாதிரியான ஒலி தொடர்வதற்கு ஈக்வல் கெயின். மாற்றிப் போட்டால் நடுவில் ஒலி குழிவிழும் அல்லது புடைக்கும்.

முகமூடி அணிந்த வேற்றுக்கிரகவாசிகள் பேசும் இடங்கள் நமக்கு வரம். உதட்டசைவு காட்டிக்கொடுக்காது. சில எடிட்டர்கள் அவர்கள் குரலை அன்னிய மொழியாக மாற்றி, சப்டைட்டிலில் கதையையே திருத்திவிடுகிறார்கள்.

ஏற்றுமதி செய்தபின் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது.
(யாழ்ப்பாணம் வாசகர்)

வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்ற அளவை எங்கேயோ 0–255 என்று தவறாகக் குறித்திருக்கிறது. எடிட்டரிலும் ஏற்றுமதியிலும் 'வீடியோ' அல்லது 'லிமிடெட்' என்று ஒரே மாதிரி வையுங்கள். படத்துக்கு எக்ஸ்264 சுருக்கியில் தர அளவு (சிஆர்எஃப்) 17, ஒலிக்கு ஏசி3 வடிவத்தில் 640 கேபிபிஎஸ் போதும்.

முடித்ததை யூடியூபில் போடலாமா?
(மதுரை வாசகர்)

கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 52 சொந்தப் பயன்பாட்டுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவுக்கு இடம் தருகிறது, முழுப் படத்தைப் பரப்புவதற்கு அல்ல. வட்டின் பூட்டை உரிமை மீறும் நோக்கில் உடைப்பது பிரிவு 65ஏ-யில் தனிக் குற்றம். அசல் வட்டு வைத்திருப்பவர் மட்டுமே பார்க்கலாம் என்பது எடிட் செய்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, சட்டம் தந்த சலுகை அல்ல. உங்கள் வேலையைக் காட்ட வேண்டுமென்றால் எந்த ஃப்ரேமில் எதை வெட்டினீர்கள் என்ற பட்டியலை எழுதி வெளியிடுங்கள். வட்டு வைத்திருக்கும் இன்னொருவர் அதைப் பார்த்துத் தானே வெட்டிக்கொள்ள முடியும்.