பல்லைப் பார்த்து ஊரைச் சொன்னவர்

"பெயர்கூடத் தெரியாத யாராவது சில நிமிஷத்தில் உங்கள் மனசில் தங்கிப்போனது உண்டா?" என்பது கேள்வி. உண்டு. ஆனால் அதைச் சொல்ல என் பல்லில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குத் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள், இடையிடையே சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு. வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது. வகுப்பில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருந்தது, அதனால் பத்தாவது முடிக்கும்வரை அது ஒரு விஷயமாகவே படவில்லை. கல்லூரிக்கு வெளியூர் போனதும்தான் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிற பழக்கம் வந்தது. அடுப்புக்கரி, உப்பு, செங்கல் தூள் எல்லாம் தேய்த்துப் பார்த்தாயிற்று. தேய்ந்தது ஈறுதான்.

2006-இல் சென்னையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போயிருந்தேன். வருகிற ஆட்களிடம் நேரில் பேசுகிற வேலை. கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். எழுந்து கிளம்பும்போது எதிரே இருந்தவர், நல்லது சொல்கிற தோரணையில், "வேலைன்னு வந்துட்டா தினமும் பல்லு விளக்கணும் தம்பி" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று காலையில் இரண்டு தடவை விளக்கியிருந்தேன். நீங்கள் கேட்ட கணக்கில் அவரும் வருவார்தான். பெயர் தெரியாது, மறக்கவும் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவரை அல்ல.

அன்று ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ். தர்மபுரியில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் அது சேலம் – பெங்களூர் பாதை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மொரப்பூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முன்பதிவில்லாத பெட்டியில் எப்படியோ ஒரு ஓரம் கிடைத்தது. எனக்கு எதிரே ஐம்பது வயசு இருக்கும் ஒருவர், தோளில் துண்டு, மடியில் மஞ்சள் பை. காட்பாடி தாண்டியிருக்கும். பக்கத்து சீட்டில் ஒரு கைக்குழந்தை, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே "டிக்கெட் இருக்கு சார்" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் கையை மறந்து சிரித்துவிட்டேன்.

எதிரே இருந்தவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தர்மபுரியா தம்பி?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பதில் சொல்லவில்லை. மேலுதட்டை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். என்னுடையதைவிடக் கருமையான கோடுகள், ஒரு பல்லின் ஓரம் பொரிந்து உதிர்ந்திருந்தது. "ஒரே தண்ணி" என்றார்.

அவருக்குப் பாலக்கோடு பக்கம். சென்னையில் கட்டட வேலை. அதற்கப்புறம் மொரப்பூர் வரை தூங்கவே இல்லை இரண்டு பேரும். அவர் அம்மாவைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். "எங்கம்மா நிமிந்து நடந்து நான் பாத்ததில்ல. கழுத்தைத் திருப்ப வராது. பின்னாடி நின்னு கூப்பிட்டா ஒடம்போட திரும்பும், கதவு திரும்புற மாதிரி." சொல்லும்போது உட்கார்ந்தபடியே தோளோடு சேர்ந்து திரும்பிக் காட்டினார். அந்த அசைவு எனக்கு இன்னமும் அப்படியே நினைவிருக்கிறது. எங்கள் தெருவிலும் அப்படித் திரும்புகிற இரண்டு பாட்டிகள் இருந்தார்கள். வயசானால் அப்படித்தான் ஆகும்போல என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"கேணித் தண்ணி வத்திப்போச்சுன்னு போர் போட்டாங்க. தண்ணி பீய்ச்சிக்கிட்டு வந்துச்சு, பூசையெல்லாம் போட்டோம். அதுக்கப்புறம் பொறந்த புள்ளைங்களுக்குத்தான் பல்லு இன்னும் மோசம்" என்றார். பிறகு, "நம்ம பல்லு அழுக்கு இல்ல தம்பி. எட்டு வயசுக்குள்ள குடிச்ச தண்ணிதான் பல்லுல நிக்குமாம், டவுன்ல ஒரு டாக்டர் சொன்னாரு. அதுக்கு மேல எங்க போயி என்ன குடிச்சாலும் ஏறாது, இருக்குறதும் போவாது. தாசில்தார் குடுக்குற இருப்பிடச் சான்று மாதிரி."

நான் இன்டர்வியூ கதையை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் சொன்னதைப் பிற்பாடு படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்துக் கருங்கல் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் ரொம்ப நாள் தங்குகிற தண்ணீரில் அது கரைந்து இறங்கிவிடும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. நிறம் இல்லை, வாசனை இல்லை, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் ஆவியாகி அது மட்டும் மிஞ்சும். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற வயசில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாகப் பிடிக்காது, கோடு விழும். வெளியூரில் பிறந்து இருபது வயசில் இங்கே வாழ வந்த மருமகளுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் வருஷக்கணக்கில் அதையே குடித்தால் எலும்பையும் மூட்டையும் விடாது. அது பல்லைப் போல வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

மொரப்பூரில் மூன்று மணி வாக்கில் இறங்கினோம். நல்ல பனி. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை திறந்திருந்தது. நான் பர்ஸை எடுப்பதற்குள் அவர் காசைக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாலக்கோடு பஸ் நிற்கிற பக்கம் போனார். எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டோம், அந்த ஊரில் யார் வீடு என்றுகூடக் கேட்டுக்கொண்டோம், பெயரைக் கேட்கத்தான் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். புது ஆளைப் பார்த்தால் முதலில் பல்லைப் பார்க்கிறேன். மாட்டுச் சந்தையில் தரகர் பார்க்கிற மாதிரி என்று என் மனைவி திட்டுவாள்.

இப்போது வேலை கிருஷ்ணகிரியில், தினமும் பஸ். 2004-இல் தர்மபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரித்தாயிற்று, ஆனாலும் பஸ்ஸில் வயசானவர்கள் இன்னும் "நம்ம ஜில்லா" என்று இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். இத்தனை முகங்களுக்கு நடுவே அவ்வப்போது ஒரு கோடு போட்ட பல் சிரிக்கும். நானும் உதட்டைத் திறந்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவேன். பெரும்பாலும் அதோடு சரி. ஒருமுறை போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புளி விற்ற ஒரு பாட்டி என் வாயைப் பார்த்துவிட்டு, "இந்தப் புளி கூசும் சாமி, உன் பல்லு தாங்காது. அந்தப் பழைய புளிய எடு" என்று கூடையை மாற்றிக் காட்டியது. பழைய புளி விலையும் கொஞ்சம் கூடத்தான். அக்கறையா வியாபாரமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு செய்தது. காவிரித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் முதல்முதலாக வந்த அன்று அம்மா ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு, "என்னடா இது, சப்புன்னு இருக்கு" என்றாள். ஆயுசுக்கும் போர் தண்ணீர் குடித்த நாக்கு. சாயங்காலம் துவரம்பருப்பு வேகவைத்தபோதுதான் கட்சி மாறினாள். வழக்கமாக எடுக்கிற நேரத்தில் பாதியில் பருப்பு மலர்ந்துவிட்டது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. குழாய் வராத நாளில் எங்கள் தெருவில் இன்னமும் பழைய போருக்குத்தான் குடத்தைத் தூக்குகிறார்கள்.

போன வருஷம் தர்மபுரியிலிருந்து பென்னாகரம் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். நான் கம்பியைப் பிடித்து நிற்கிறேன், பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, மடியில் யூனிபார்ம் போட்ட ஒரு பாப்பா. ஏழு வயசு இருக்கும். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் பாதி முளைத்து, முறுக்கு நுனி மாதிரி பொடிப்பொடியாய் விளிம்பு கட்டி, பளிச்சென்று வெள்ளை. கண்டக்டர் அவள் அம்மாவுக்குக் கொடுத்த இலவச டிக்கெட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். குனிந்து படித்துக் காட்டினேன். டிக்கெட்டை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"மாமா, நீங்க வெத்தல போடுவீங்களா?"

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

"இல்ல பாப்பா. தண்ணி குடிச்சேன்."

"தண்ணி குடிச்சா பல்லு இப்படி ஆவுமா?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பாறை, போர், காவிரி, ஜப்பான் எல்லாம் ஏழு வயசுக்கு எங்கே புரியும். அதற்குள் அவளே பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருக்கு! அவங்களும் வெத்தல போட மாட்டாங்க" என்றாள். அதுவரை முந்தானையை வாயில் வைத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாலக்கோட்டுக்காரரின் பற்கள்தான், கொஞ்சம் இளசாக.

"ஏம்மா, எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். ஊரைச் சொன்னாள். எங்கள் ஊருக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி.

பாப்பா நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், விரலை நீட்டி எண்ணினாள். "மாமாவுக்கு மூணு கோடு. உனக்கு அஞ்சு."

"எண்ணினது போதும், ஸ்டாப்பு வந்துருச்சு, எறங்கு" என்றாள் அம்மா.