இரவில் எழுதிச் சம்பாதிக்கிறேன். பகல் வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் 4 வருடம் 4 மாதமாக வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 20,000. கணவருக்கு 27,000. இரண்டு வருடமாகத் தினமும் இரவில் 3 மணி நேரம் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன் (வார்த்தைக்கு 1 ரூபாய்). இணையதளங்களுக்குக் கட்டுரையும் எழுதுகிறேன் (1,500 வார்த்தைக்கு 1,200 ரூபாய்). போன 12 மாதத்தில் போட்ட பில் 3,12,000. கைக்கு வந்தது 2,70,000. வீட்டுக் கடன் தவணை 14,500 உட்பட மாதச் செலவு 50,000. வங்கி டெபாசிட் 1,60,000, பி.எஃப். 2,10,000 இருக்கிறது. மாதம் 5,000 சீட்டுக் கட்டுகிறேன். மகள் இரண்டாம் வகுப்பு. வேலையை விட்டால் முழு நாளும் எழுதலாம், வருமானம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறேன். பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கலாமா? எழுத்து வருமானத்தில் 10% வரி பிடிக்கிறார்களே, அது போனது போனதுதானா?

— வாசகி, திருச்சி

பதில்: விடலாம். ஆனால் இப்போது வேண்டாம். இன்னும் 8 மாதம் பொறுங்கள். ஏன் 8 மாதம் என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் அந்த 'இரண்டு மடங்கு' கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் முடிவு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

தினம் 3 மணி நேரம் என்றால் மாதம் 90 மணி நேரம் எழுதுகிறீர்கள். மாத பில் சராசரி 26,000. ஆக மணிக்குச் சுமார் 290 ரூபாய். வேலையை விட்ட பிறகு எத்தனை மணி நேரம் எழுத முடியும்? எட்டு மணி நேரம் என்று தோன்றும். நடைமுறையில் 5 மணி நேரத்துக்கு மேல் தரமாக எழுதுவது கடினம். புது வாடிக்கையாளரைத் தேடுவது, மாதிரி எழுதி அனுப்புவது, திருத்தம், பில், பணம் கேட்டு நினைவூட்டல் எல்லாம் மீதி நேரத்தைத் தின்றுவிடும். மாதம் 22 நாள், நாளுக்கு 5 மணி நேரம்: 110 மணி நேரம். இப்போது எழுதுவதைவிட 20 மணி நேரம்தான் அதிகம். இன்றைய கூலிக்கு அது மாதம் 32,000 ரூபாய். அந்த 20 மணி நேரத்துக்காக 38,000 ரூபாய் சம்பளத்தை விடுகிறீர்கள். தூக்கம் திரும்பக் கிடைக்கும், மகளோடு மாலை நேரம் கிடைக்கும். அவை பெரிய லாபங்கள்தான். ஆனால் பணம் இரண்டு மடங்காகாது.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? கையில் வரும் 38,000-ஐ மட்டும் ஈடு செய்தால் போதாது. பி.எஃப்.பில் உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் நின்றுபோகும். 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12% பிடிப்பதாக வைத்தால் தலா 1,800, மொத்தம் 3,600. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்குத் தோராயமாக மாதம் 1,500, இணையமும் கூடுதல் மின்சாரமும் 1,500, நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய 60,000 ரூபாய் மடிக்கணினிக்கு மாதம் 1,250 ஒதுக்க வேண்டும். கூட்டினால் சுமார் 46,000, வருடத்துக்கு 5,52,000. இதைப் 12 மாதத்தால் வகுக்காதீர்கள். காய்ச்சல், மகளின் பரீட்சை, பண்டிகை, வேலையே வராத வாரங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்தை எடுத்துக்கொள்ளும். பத்தால் வகுத்தால் மாதம் 55,200. மணிக்கு 500 ரூபாய்.

290-ஐ 500 ஆக்குவதுதான் உங்கள் முன்னால் இருக்கும் வேலை. அதை வேலையில் இருக்கும்போதே செய்து காட்ட வேண்டும். சம்பளம் நின்ற பிறகு, வந்த வேலையை வந்த விலைக்கு ஏற்கும் நெருக்கடி வந்துவிடும். திருத்தம் உட்பட மணிக்கு 250 வார்த்தை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் வார்த்தைக்கு 2 ரூபாய் வேண்டும். தகவல் திரட்டி எழுத 4 மணி நேரம் பிடிக்கும் கட்டுரைக்கு 2,000 வேண்டும். பொதுவான இணையக் கட்டுரைகளில் இந்த விலை கிடைப்பது அரிது. தவறு நேர்ந்தால் நஷ்டம் வரும் எழுத்துக்குத்தான் விலை உண்டு: வங்கி, காப்பீட்டு ஆவணங்கள், மருந்து ஆய்வில் பங்கேற்பவர்களுக்கான ஒப்புதல் படிவம், செயலிகளின் தமிழ்ப் பதிப்பு, நிறுவனப் பயிற்சிக் காணொளிகளுக்கான உரை. இவற்றில் ஒரு துறையைப் பிடித்து அதற்கான சொற்பட்டியலை உருவாக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு மலிவான வாடிக்கையாளரை விடுங்கள். அந்த நேரத்தில் நல்ல விலை தருபவரைத் தேடுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரச் சொல்லி, வார்த்தைக்குப் பாதி விலை பேசுபவர்கள் வருவார்கள். முதல் 500 வார்த்தையைக் கடிகாரம் வைத்துத் திருத்திப் பாருங்கள். மோசமான இயந்திர மொழிபெயர்ப்பைச் சரிசெய்வதற்குப் புதிதாக எழுதும் நேரமே ஆகும். அங்கே பாதி விலை என்பது பாதிக் கூலி.

இப்போது அந்த 8 மாதம். 5 வருடத் தொடர் பணியை முடிக்காமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் சேரும். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கவும் 5 வருடம் வேண்டும். மாதத்தை 26 நாளாக வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் 15/26 × 20,000 × 5 = 57,692 ரூபாய். நாளையே கடிதம் கொடுத்தால் அது வராது.

ஐந்து வருடம் முடிந்த பிறகும் பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனில் போட வேண்டாம். நிலையில்லாத வருமானக்காரருக்குக் குறைந்த கடனைவிடக் கையிருப்புதான் முக்கியம். வங்கியில் கட்டிய பணத்தைக் கஷ்ட மாதத்தில் திருப்பிக் கேட்க முடியாது. பி.எஃப். அப்படியே கிடக்கட்டும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாதம் 3,600 ஒதுக்கச் சொன்னேனே, அதற்கு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) பொருந்தும். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1,50,000; வரும் மாதத்தில் போடலாம், வராத மாதத்தில் விடலாம்.

6 மாதச் செலவான 3,00,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும். இருப்பது 1,60,000. இந்த 8 மாதமும் எழுத்து வருமானத்தில் ஒரு ரூபாயையும் வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள். இரண்டு சம்பளமும் சேர்ந்து 65,000. செலவும் சீட்டும் 55,000. சமாளிக்க முடியும். கைக்கு வரும் சராசரி 22,500 என்றால் 8 மாதத்தில் 1,80,000 சேரும். பள்ளம் நிரம்பி மீதி 40,000 இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சீட்டை முடியுங்கள், புதிதாக எதிலும் சேராதீர்கள். சீட்டுத் தவணைக்கு உங்கள் வாடிக்கையாளர் தாமதம் செய்த கதை தெரியாது.

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. உங்கள் பெயரில் டேர்ம் காப்பீடு (உயிரிழந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். சுயதொழில் செய்பவரிடம் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும்; இன்று சம்பள ஆவணங்களே போதும். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பணியின் கடைசி நாளோடு முடியும் என்பதால், குடும்பத்துக்கான தனி மருத்துவ பாலிசியை இப்போதே எடுங்கள். முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் பணம் தர மாட்டார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 3 வருடம் வரை போகலாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

வரி பற்றிய உங்கள் கவலை தேவையில்லாதது. ஒரு நிறுவனம் வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி 10% பிடிக்கிறது. அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் முன்பணம்தான். பான் கொடுக்காவிட்டால் 20% பிடிப்பார்கள். வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏ.எஸ். படிவத்தில் பிடித்த தொகை எல்லாம் வந்திருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வரவில்லை என்றால் அந்த நிறுவனம் கணக்குத் தாக்கல் செய்யவில்லை அல்லது உங்கள் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரி இல்லை. உங்கள் சம்பளமும் எழுத்து வருமானமும் சேர்ந்து 8 லட்சத்தை ஒட்டித்தான் வருகிறது. பிடித்தது முழுக்கத் திரும்ப வரும், கணக்குத் தாக்கல் செய்தால். சம்பளத்தை மட்டும் காட்டி ஐ.டி.ஆர்.-1 என்ற கணக்குப் படிவத்தைப் போடாதீர்கள். எழுத்து வருமானம் தொழில் வருமானம். உங்களுக்கு உரியது ஐ.டி.ஆர்.-3. வேலையை விட்ட பிறகு சம்பளக்காரருக்கான 75,000 நிலைக் கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) கிடைக்காது. அதற்குப் பதில் இணையம், மடிக்கணினித் தேய்மானம் போன்ற உண்மைச் செலவுகளைக் கழிக்கலாம், ரசீது இருந்தால்.

'44ஏ.டி.ஏ. பிரிவில் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டு, போதும்' என்று பலர் சொல்வார்கள். அந்தப் பிரிவுக்கான தொழில் பட்டியலில் திரைத்துறைக் கதை, வசன, பாடலாசிரியர்கள் வருகிறார்கள். இணையக் கட்டுரையும் மொழிபெயர்ப்பும் பெயர் சொல்லி இல்லை. உங்கள் வருமானத்துக்கு எப்படியும் வரி வராதபோது அந்தச் சர்ச்சைக்குள் போக வேண்டாம். தவிர, வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் நாளை வங்கியில் கடன் கேட்கும்போது அதே கணக்கு உங்களுக்கு எதிராக நிற்கும். இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி; 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் இவை வேறு. சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

பில்லுக்கும் கைக்கு வந்ததற்கும் நடுவே உள்ள 42,000 பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. அது போட்ட பில்லில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு; பிடித்த வரி போக மீதி வெளியே நிற்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவுத் தளமான உத்யத்தில் ஆதார், பான் கொண்டு குறு நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அதற்கு முன் உங்கள் பணி நியமனக் கடிதம் வெளிவேலையைத் தடுக்கிறதா என்று படித்துவிடுங்கள். பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. தாமதித்த தொகையைக் கொடுக்கும் வரை, வாங்கிய நிறுவனம் அதைச் செலவாகக் கழிக்கவும் முடியாது. 43பி(எச்) பிரிவு அதற்காகவே வந்தது. அவர்களின் கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுவதே வேலை செய்யும். பதிவுக்குப் பின் செய்யும் வேலைகளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பை நம்பலாம். பழைய பாக்கிக்கு பில் எண், தேதி, தொகை குறிப்பிட்டு 10 நாள் கெடுவோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் வரும் வரை அவர்களுக்குப் புது வேலை வேண்டாம். இனிப் புதியவர்களிடம் பாதி முன்பணம். எந்த ஒரு வாடிக்கையாளரும் உங்கள் வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

விட்ட பிறகு வரும் பணம் எல்லாம் ஒரு தனிக் கணக்கில் விழட்டும். அங்கிருந்து ஒவ்வொரு 1-ம் தேதியும் வீட்டுக் கணக்குக்கு 30,000 மட்டும் மாற்றுங்கள். 60,000 வந்த மாதத்திலும் அதே 30,000தான். கணவரின் சம்பளத்தோடு சேர்ந்து வீடு நடக்கும். தனிக் கணக்கில் மூன்று மாதச் சம்பளமான 90,000 எப்போதும் நிற்கிறது என்றான பிறகு 34,000, பிறகு 38,000 என்று உயர்த்திக்கொள்ளுங்கள். எட்டாவது மாதத்தில் மணிக்கு 400 ரூபாயைக்கூடத் தொடவில்லை என்றால் ராஜினாமாவை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.