ரிப்போர்ட் பண்ணினால் பேர் தெரிந்துவிடுமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. உடன் படிக்கும் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கிப் போட்டிருக்கிறார்கள். வகுப்பே பார்த்திருக்கிறது, யாரும் ரிப்போர்ட் செய்யவில்லை. "பண்ணினா என் பேர் தெரிஞ்சிடும்மா, அடுத்தது என் போட்டோதான்" என்கிறாள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஐயாயிரம் கொடுத்தால் ஒரே நாளில் அந்தக் கணக்கையே தூக்கிவிடும் ஆள் இருக்கிறார் என்கிறார். பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? — ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: பேர் தெரியாது. மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவையோ கணக்கையோ ரிப்போர்ட் செய்தால், செய்தது யார் என்று எதிராளிக்குக் காட்ட மாட்டார்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சமூகப் பொறுப்பு பற்றி வகுப்பெடுத்தால் காதில் ஏறாது. பக்கத்தில் உட்காரவைத்து, ஏதாவது ஒரு மோசடி விளம்பரக் கணக்கின் மூன்று புள்ளியைத் தட்டி, நீங்களே ஒருமுறை ரிப்போர்ட் செய்து காட்டுங்கள். காரணம் கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதைத் தொட்டுவிட்டு, "பண்ணியாச்சு, ஒண்ணும் ஆகல" என்பார்கள். அது புகாரே ஆகாது. இந்த விஷயத்தில் நிர்வாணம், பாலியல் என்று வரும் காரணத்தைத்தான் தொட வேண்டும்.

பேர் வெளியே போகும் வழி ஒன்றே ஒன்று உண்டு. காப்பிரைட் புகார். 'இது என் படம், என் அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார்கள்' என்று அதற்கான தனிப் படிவத்தில் கொடுத்தால், கொடுத்தவரின் பெயரும் இமெயிலும் படத்தைப் போட்டவனுக்கே போய்விடும். உரிமைச் சண்டையில் எதிர்த்தரப்புக்குத் தெரிய வேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். படம் சீக்கிரம் போய்விடும் என்று யாராவது இந்தப் படிவத்தைக் காட்டினால், உங்கள் மகளோ அந்தப் பெண்ணோ அதன் பக்கமே போக வேண்டாம். சாதாரண ரிப்போர்ட்டுக்கு இந்த ஆபத்து இல்லை. இதை இரண்டு முறை சொல்லுங்கள். பிள்ளைகள் எங்கோ கேட்ட பாதிக் கதை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

இப்போது அந்த ஐயாயிரம் ரூபாய் ஆசாமி. 'எத்திகல் ஹேக்கர்', 'சைபர் எக்ஸ்பர்ட்' என்று டெலிகிராமில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதெல்லாம் நூறு போலிக் கணக்கிலிருந்து ரிப்போர்ட் தட்டுவது, இல்லையென்றால் உங்கள் பேரிலேயே அந்தக் காப்பிரைட் படிவத்தை நிரப்பி அனுப்புவது. கணக்கு போனால் காசு அவர்களுக்கு. மறுநாள் வேறு பேரில் முளைத்தால் இன்னொரு ஐயாயிரம். இதற்கு நடுவில் 'வெரிஃபிகேஷன்' என்று சொல்லி அந்தப் பெண்ணின் ஒரிஜினல் போட்டோ, ஆதார், சில சமயம் பாஸ்வேர்டு வரை வாங்கிக்கொள்வார்கள். நாளை மிரட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'சைபர் செல்லில் நமக்கு ஆள் இருக்கு' என்று பேசுகிறவரிடமும் இதே எச்சரிக்கை. போலீஸ் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

அந்த வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஆதாரத்துக்கு' என்று அந்தப் படத்தை அதில் யாராவது போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது ஐடி சட்டம் 67பி-யில் குற்றம், சேமித்து வைத்திருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில் வரும். 'உடம்பு வேற யாரோடதோ, முகம்தானே' என்ற சமாதானமும் எடுபடாது. மார்ஃபிங் செய்த படமும் போக்சோவின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதில் அடக்கம். அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கில், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாகப் பார்த்ததும் வைத்திருந்ததும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. பாதிப் பேருக்கு இன்னும் ஜனவரிச் செய்திதான் நினைவில் இருக்கிறது. ஆதாரமாக அந்தக் கணக்கின் லிங்க், யூசர்நேம், பார்த்த தேதி, நேரம் இருந்தால் போதும். ஒரு தாளில் எழுதிவையுங்கள். மிரட்டல் மெசேஜ் வந்திருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். கோபத்தில் முதலில் பிளாக் செய்து, சாட்டையும் அழித்துவிட்டுத்தான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

ரிப்போர்ட் என்பது இன்ஸ்டாகிராமுக்கு. குற்றத்துக்குப் புகார் தனி. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பேர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு அது போதும். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கு. பிள்ளைகள் விஷயத்துக்கு 1098. நேரில் என்றால் பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம். அங்கே "இது சைபர், வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் போங்க" என்பார்கள், வேப்பேரியில் "உங்க ஏரியா ஸ்டேஷன்லயே குடுங்க" என்பார்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றவா சட்டம் எழுதினார்கள்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, எல்லை எதுவானாலும் புகாரை வாங்கிப் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு மாறும். அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, முடிந்தவரை பெண் எஸ்.ஐ.தான், அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்று போக்சோ 24 சொல்கிறது. ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் 'பேர் கெட்டுவிடும், நாங்களே பேசி முடிக்கிறோம்' என்றால், தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம் என்று நினைவுபடுத்துங்கள். தெரிந்தும் சொல்லாத பிள்ளைகளுக்கு அந்தத் தண்டனை கிடையாது. உங்கள் மகள் அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

ரிப்போர்ட் செய்து இரண்டு நாளில் 'விதிமீறல் எதுவும் இல்லை' என்று மெஷின் பதில் வரலாம். எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். மறுபரிசீலனை கேட்கும் பட்டன் அங்கேயே இருக்கும், தட்டச் சொல்லுங்கள். அதற்கும் மேலே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். அவர் முடிவும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

ஆனால் இந்த அதிகாரிக்குப் புகார் பாதிக்கப்பட்ட பெண்ணிடமிருந்தோ, அவள் சார்பில் ஒருவரிடமிருந்தோ போனால்தான் வேகம். அப்படி வரும் அந்தரங்கப் படங்களை 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் வந்தபோதே எழுதிவைத்தார்கள், 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். வகுப்புத் தோழிகளின் ரிப்போர்ட்டுக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு விஷயம் தெரியுமா என்று ஒரு வரிகூட இல்லை. தெரியாது என்றால் இன்று சாயங்காலமே நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் படத்தைக் காட்ட வேண்டாம். லிங்க் எழுதிய தாளைக் கொடுத்தால் போதும்.