சலைன் ஏற்றுவதில் ஏன் அந்த நிதானம்?

கேள்வி: காய்ச்சல் முற்றிச் செப்சிஸ் (நோய்த்தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) ஆகிவிட்ட என் மூன்று வயது மகளுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவில் ஆன்டிபயாடிக்கை உடனே போட்டவர்கள், சலைனை மட்டும் நிறுத்தி நிறுத்தி ஏற்றியது ஏன்? இப்போது அவள் நலம்.

பதில்: அந்த நிதானம் அலட்சியமன்று, அம்மா. செப்சிஸ் முற்றி, உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையை எட்டிய குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் செலுத்த வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல். சலைன் அப்படியன்று. தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பையும், விரல் நுனியை அழுத்தி விட்டால் இரத்தம் திரும்பும் நேரத்தையும் பார்த்து, கல்லீரல் வீங்கவில்லை, நுரையீரலில் நீர் கோக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த அளவைத் தொடங்குவார்கள். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், திரவம் வேகமாக ஏற்றப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. அங்கே தீவிர சிகிச்சை வசதி குறைவு என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

சலைனால் இரத்த ஓட்டம் சீராகாவிட்டால், கழுத்தின் இரத்த நாளத்தில் குழாய் போடும்வரை காத்திராமல் கையின் இரத்த நாளம் வழியாகவே, இதயத்தின் இயக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் தூக்கிவிடும் அட்ரினலின் மருந்தைத் தொடங்கலாம். குழந்தைகளுக்கு இரத்த அழுத்தம் கடைசியில்தான் குறையும் என்பதால், கைகால் சில்லிட்டாலோ சிறுநீர் குறைந்தாலோ, அழுத்தம் சரியாக இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.